காலிக் கோட்டையும் எங்க ஊர் கருவேலங்காடும்

வெளிநாடு, பழைய நகரம், கால்நடையாகச் சுற்றல்... இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் எல்லோருக்கும் ரோம், ஏதென்ஸ்தான் ஞாபகம் வரும். மத்தியதரைக் கடலோரத்தில் உடைந்த தூணுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் பி.காம் படிக்கிற, ஏரியில் இறால் பிடிக்கிறவர் மகனுக்கு விமான டிக்கெட் விலை என்று ஒன்று இருக்கிறதே! அதனால் என் முதல் வெளிநாட்டுப் பயணம் பக்கத்து நாட்டோடு நின்றுவிட்டது. இலங்கையின் தென்கோடியில் இருக்கிற அந்த ஊரின் பெயர் காலி. திரும்பி வரும்போது என் பர்ஸும் காலி. :-)

எங்கே தங்கலாம், என்ன சாப்பிடலாம் என்று சொல்கிற பயணக் கட்டுரை இல்லை இது. அதற்கெல்லாம் என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இது ஒரே கம்பெனி கட்டிய இரண்டு கோட்டைகளைப் பற்றியது. ஒன்று காலியில் இருக்கிறது. இன்னொன்று எங்க ஊர்ப் பக்கம் பழவேற்காட்டில் இருந்தது.

முதலில் எங்க ஊர்க் கதை. எனக்கு காட்டூர். பொன்னேரி தாண்டி பழவேற்காடு ஏரியைச் சுற்றி இருக்கிற ஊர்களில் ஒன்று. சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறவர்கள் படகில் ஒரு ரவுண்டு போவார்கள், பூநாரை தெரிகிறதா என்று பார்ப்பார்கள், மீன் வறுவல் சாப்பிடுவார்கள், கிளம்பிவிடுவார்கள். கடைத்தெருவுக்குப் பக்கத்தில் சீமைக்கருவேலம் மண்டிய ஒரு மேடு இருக்கிறதே, அதுதான் டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை என்று யாராவது சொன்னால்தான் தெரியும். 1613ல் கட்டியது. 1690ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக் கம்பெனியின் தலைமை ஆபீஸ் அந்த மேடுதான். அங்கே நாணயம் அச்சடித்தார்கள். வெடிமருந்து செய்தார்கள். சுற்றுவட்டாரத்தில் நெய்த துணியை மூட்டை கட்டி இந்தோனேசியத் தீவுகளுக்கு அனுப்பி, அங்கே ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். இந்தத் துணி இல்லாவிட்டால் அந்த மசாலா வியாபாரமே இல்லை.

அந்தக் கம்பெனியை காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1602ல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. பொதுமக்களிடம் பங்கு விற்று முதல் திரட்டிய ஆரம்பகாலக் கம்பெனி என்று ஷேர் மார்க்கெட் பாடத்தின் முதல் பக்கத்திலேயே வந்துவிடும். வகுப்பில் அதை நடத்தும்போது ஆம்ஸ்டர்டாம் என்பார்கள், பங்குச் சந்தை என்பார்கள். அதன் கிளை ஆபீஸ் நான் பஸ் மாறுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் தெரிந்துகொண்டேன்.

பெரியப்பா மகன் கொழும்பில் ஒரு சரக்குக் கப்பல் ஏஜென்சியில் கணக்கு வேலை பார்க்கிறார். "ஒரு வாரம் வாடா, சுத்திக் காட்டறேன்" என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அரைநாள் வேலையாக ஓர் ஆடிட்டர் ஆபீசில் டாலியில் பில் ஏற்றிச் சேர்த்த பணம் இருந்தது. அப்போது இந்தியர்களுக்கு விசா கட்டணமும் கிடையாது. மிக்ஜாம் புயலில் தள்ளிப்போன பரீட்சைகளும் ஒருவழியாக முடிந்து, 2024 ஜனவரி கடைசியில் கிளம்பினேன்.

எங்க வீட்டில் பாஸ்போர்ட் எடுத்த முதல் ஆள் நான். ஆயாதான் கலங்கிப்போனாள். "இலங்கைக்கா? நேவிக்காரன் புடிச்சிக்கப் போறான்டா!" டிவியில் ராமேசுவரம் செய்தி பார்த்துப் பார்த்து அவளுக்கு இலங்கை என்றாலே அதுதான். "ஆயா, நான் படகுல போகல, பிளேன்ல போறேன்" என்றேன். "அப்ப சரி. ஆனா மீன்காரன் புள்ளன்னு சொல்லாத" என்றாள். சென்னையிலிருந்து கொழும்புக்குப் பறக்கிற நேரம் ஒன்றேகால் மணி சொச்சம். எங்க ஊரிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேர அதைவிட அதிக நேரம் ஆனது.

அண்ணன் தங்கியிருந்த பகுதிக்குப் பெயர் கொம்பனித்தெரு. 'கொம்பனி' என்றால் நம்ம கம்பெனிதான். ஆங்கிலத்தில் அந்த இடம் வெகுகாலம் ஸ்லேவ் ஐலண்ட், அதாவது அடிமைத் தீவு. டச்சுக் காலத்தில் அடிமைகளை அடைத்து வைத்த இடம். பழவேற்காட்டிலிருந்தும் அந்தக் கம்பெனி மனிதர்களை வாங்கி பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியிருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் துணிக்கு ஒரு வரி, வெடியுப்புக்கு ஒரு வரி, மனிதர்களுக்கு ஒரு வரி. முதல் நாள் ராத்திரி இதை யோசித்துக்கொண்டே படுத்ததில் தூக்கம் சரியாக வரவில்லை.

மறுநாள் காலி ரயில். உட்கார்ந்தால் வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள். வழி நெடுக கடல் கூடவே வரும், பல இடங்களில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் நாலு தென்னை மரம்தான். பெரேலியா என்ற இடத்தைத் தாண்டும்போது அண்ணன் பேச்சை நிறுத்தி வெளியே கை காட்டினார். நின்ற கோலத்தில் உயரமான ஒரு புத்தர் சிலை. 2004 டிசம்பர் 26 அன்று இந்தப் பாதையில் போன ரயிலை அந்த இடத்தில்தான் சுனாமி புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். அன்றைக்கு எனக்கு ஒரு வயது. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மா ஓடிய கதையைக் கேட்டே வளர்ந்தவன். இரண்டு கரையிலும் அதே நாள், அதே தண்ணீர்.

ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பஸ் ஸ்டாண்டு, எதிரே கிரிக்கெட் மைதானம், அதற்குப் பின்னால் கோட்டைச் சுவர். டிவியில் டெஸ்ட் மேட்ச் பார்த்தவர்களுக்கு அந்தச் சுவர் பழக்கமானதுதான், மேலே உட்கார்ந்து ஓசியில் மேட்ச் பார்ப்பார்களே, அதே சுவர். சுனாமியில் பஸ் ஸ்டாண்டும் மைதானமும் சின்னாபின்னமாயின. கோட்டைக்கு உள்ளே பெரிய சேதம் இல்லை. அதைக் கட்டியவர்கள் சுனாமியை நினைத்தா கட்டினார்கள்? பீரங்கிக்குப் பயந்து கட்டினார்கள். அது கடலையும் தாங்கிவிட்டது.

போர்த்துக்கீசியர்கள் 1588ல் அங்கே ஒரு சின்னக் காவல் அமைத்தார்கள். 1640ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள் (இலங்கைத் தமிழில் ஒல்லாந்தர்). இப்போது நிற்கிற சுவர்கள் அவர்கள் கட்டியவை. பழைய வாசலின் வெளிப்பக்கம் பிரிட்டிஷ் அரசின் சின்னம் இருக்கிறது. உள்ளே போய்த் திரும்பி நின்று அண்ணாந்து பார்த்தால் இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், நடுவில் கம்பெனியின் முத்திரை, 1669 என்ற வருஷம். அந்த முத்திரையில் இருக்கிற ஆங்கில எழுத்துகள் வி, ஓ, சி. நம்ம ஊரில் வி.ஓ.சி என்றால் கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார்தான்! வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராக 1906ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடிக்கும் இதே கொழும்புக்கும் கப்பல் விட்டவர். ஒரே மூன்று எழுத்து, ஒரே கடல், எதிரெதிர் கணக்கு.

மதில் மேல் நடக்கலாம், டிக்கெட் கிடையாது. வெயில் ஏறுவதற்கு முன் நடந்துவிடுங்கள். நிலத்தைப் பார்த்த பக்கம் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று மூன்று பெரிய கொத்தளங்கள். கடல் பக்கம் போனால் வெள்ளை நிறக் கலங்கரை விளக்கம். அதற்கு எதிரே ஒரு பள்ளிவாசல். முன்பக்கம் அப்படியே தேவாலயம் மாதிரி இருக்கும், உள்ளேயிருந்து பாங்கு கேட்கும். நின்று நின்று, படம் எடுத்து எடுத்து நடந்ததில் ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

அப்புறம் கீழே இறங்கித் தெருக்கள். லெயின் பான் தெரு என்று ஒன்று, டச்சு மொழியில் கயிறு திரிக்கிற இடம் என்று அர்த்தமாம். கப்பலுக்குக் கயிறு திரித்த தெரு. நீளமாக, நேராக, கயிற்றை இழுத்துப் பிடிக்கத் தோதாக இருக்கிறது. வலைக்குக் கயிறு முறுக்குகிற வீட்டில் பிறந்தவனுக்கு அந்தத் தெருவின் நீளம் ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தெருவுக்கு அடியில் ஓடுகிற டச்சுக் காலத்துச் சாக்கடை கடல் ஏறி இறங்கும்போது தானே கழுவிக்கொள்ளும் என்றார்கள். 1755ல் கட்டிய தேவாலயத்தின் தரையில் கல்லறைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். அதில் மண்டையோடு செதுக்கிய கற்களைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. பழவேற்காடு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலிலும் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு நிற்கும். பள்ளிக்கூட நாட்களில் அதைக் காட்டித்தான் எங்களைப் பயமுறுத்துவார்கள். அதே கம்பெனி, அதே சாவுப் பயம், அதே டிசைன்.

ஆனால் வித்தியாசம் ஒன்று இருக்கிறது. காலியில் கோட்டைக்குள் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். யுனெஸ்கோ 1988ல் உலகப் பாரம்பரிய இடம் என்று பட்டம் கொடுத்ததற்கு முன்னாலும் குடியிருந்தார்கள். துணி காய்கிறது, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், வக்கீல் ஆபீஸ் போர்டு தொங்குகிறது. பல முஸ்லிம் வீடுகளில் பேச்சு தமிழ்தான். நான் ஒரு வீட்டு வாசலில் வழி கேட்கத் தயங்கி நின்றபோது உள்ளேயிருந்து "யாரது, யாரத் தேடுற?" என்று தமிழிலேயே குரல் வந்தது. கடல் தாண்டி வந்திருக்கிறோம் என்பதே அந்த நிமிஷம் மறந்துபோனது.

கோட்டைக்கு வெளியே கடைத்தெருவில்தான் அந்தப் பயணத்தின் பெரிய ஆச்சரியம் காத்திருந்தது. அப்பாவுக்கு ஒரு கைலி வாங்கலாம் என்று ஒரு கடைக்குள் போனோம். அங்கே அதற்குப் பெயர் சாரம். கடைக்காரர் வயதான முஸ்லிம் பெரியவர். 'நானா' என்று கூப்பிடச் சொல்லி அண்ணன் முன்னாலேயே கற்றுக்கொடுத்திருந்தார்.

"நல்ல சாரமா ஒண்ணு காட்டுங்க நானா."

அவர் கட்டம் போட்ட ஒன்றை எடுத்து உதறினார். "இத எடுங்க தம்பி. பலயகட். சாயம் போகாது."

"என்ன கட்?"

"பலயகட் சாரம். இந்த மாதிரி கட்டம் போட்டதுக்கு அதுதான் பேரு. எங்கட வாப்பா காலத்திலயிருந்து அதுதான்."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. பழவேற்காடு டச்சுக்காரன் வாயில் பலியகட்டே. அந்தத் துறைமுகத்திலிருந்து போன துணிக்கு ஊர்ப் பெயரே துணிப் பெயராகிவிட்டது. மலேசியாவில்கூட இந்த மாதிரித் துணியை 'பெலிகாட்' என்கிறார்கள். கப்பல் நின்று போய், கோட்டை இடிந்து போய், 200 வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெயர் மட்டும் ஆண்களின் இடுப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது!

"நானா, அது எங்க ஊரு பேரு" என்றேன். அவர் என்னை நம்பாமல் பார்த்தார். நம்பியதும் உட்காரச் சொல்லி பிளேன் டீ வரவழைத்தார். "அப்ப உங்கட ஊர்ல நெய்யிறாங்களா?" என்று கேட்டார். பழவேற்காட்டில் நான் ஒரு தறியைக்கூடப் பார்த்ததில்லை. அதைச் சொன்னேன். "பேரு மட்டும்தான் மிச்சமா" என்றார். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன். நம்ம ஒரு ரூபாய்க்கு அங்கே கிட்டத்தட்ட நாலு ரூபாய் கிடைத்த நேரம், 2022 நெருக்கடியின் மிச்சம். அந்த மனிதரிடம் பேரம் பேச மனசு வரவில்லை.

அடுத்த நாள் பஸ் பிடித்து கொக்கல போனோம். கடலுக்குள் நட்ட கொம்பின் மேல் உட்கார்ந்து தூண்டில் போடும் மீனவர்களை நீங்களும் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் போனபோது மூன்று பேர் கொம்பில் உட்கார்ந்திருந்தார்கள். கரையில் நாலாவது ஆள் நின்று படம் எடுக்க வருகிறவர்களிடம் காசு வாங்கிக்கொண்டிருந்தார். பஸ் வந்தால் ஏறுகிறார்கள், பஸ் போனால் இறங்குகிறார்கள். தூண்டிலில் இரை இருந்ததா என்று நான் பார்த்தேன், இல்லை. அண்ணன் சிங்களத்தில் விசாரித்துச் சொன்னார். மீனை நம்புவதைவிட இதில் வருமானம் நிச்சயமாம். கடல் கொந்தளித்தாலும் சுற்றுலாக்காரன் வருவான் அல்லவா?

நான் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. என் அப்பாவும் எத்தனையோ நாள் டீசல் காசுகூடத் தேறாமல் திரும்பியிருக்கிறார். நிச்சயமான வருமானம் என்றால் என்ன என்று எனக்குப் பாடப் புத்தகத்தைப் படிக்காமலே தெரியும். இருந்தாலும் அந்தக் கொம்பில் அப்பாவை உட்கார வைத்துப் பார்க்க முடியவில்லை.

ஏன் இது என்னை உறுத்துகிறது என்றால், எங்க ஊரைப் பற்றிப் பேசும்போது இரண்டே வழிதான் சொல்வார்கள். ஒன்று, தொழில் வளர்ச்சி. காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பல மடங்கு பெரிதாக்கும் திட்டம் வருஷக்கணக்கில் பேச்சில் இருக்கிறது. 2021லும் 2023லும் அறிவித்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் இரண்டு முறையும் தள்ளிப்போயின. கரை அரித்தால் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல் திட்டு போய்விடும், ஏரியே போய்விடும் என்பது மீனவர்களின் பயம். இன்னொன்று, சுற்றுலா. கோட்டையைச் சுத்தம் செய்து, கல்லறையில் விளக்குப் போட்டு, படகுத்துறை கட்டினால் காலி மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள்.

காலி மாதிரி ஆகட்டும், சந்தோஷம். ஆனால் காலி ஏன் நிற்கிறது? பழமையால் மட்டும் என்றால் கெல்ட்ரியா காலியின் இந்தச் சுவர்களைவிடப் பழசு. வியாபாரத்தால் என்றால், கொழும்பில் புதுத் துறைமுகம் வந்ததும் 19ஆம் நூற்றாண்டிலேயே காலியின் வியாபாரமும் படுத்துவிட்டது. எனக்குத் தோன்றுவது இதுதான். பிரிட்டிஷ்காரர்கள் 1796ல் காலியை வாங்கியபோது அதை அப்படியே பயன்படுத்திக்கொண்டார்கள். கோர்ட்டு, ஆபீஸ், பள்ளிக்கூடம், தொழுகை என்று உள்ளே வாழ்க்கை நடந்துகொண்டே இருந்தது. ஓடு உடைந்தால் மாற்ற ஆள் இருந்தது. பழவேற்காட்டில் 1800களின் தொடக்கத்தில் கோட்டையையே இடித்துவிட்டார்கள், வியாபாரம் சென்னைக்குப் போனது, 1825ல் ஊர் முழுசாக பிரிட்டிஷார் கைக்கு வந்தபோது அவர்களுக்கு அங்கே வேலையே இல்லை. கணக்குப் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. பயன்படுத்துகிற சொத்து தேயும். பயன்படுத்தாமல் விட்ட சொத்து அதைவிட வேகமாகத் தேயும் என்பதை அந்த மதில் மேல் நடந்தபோதுதான் புரிந்துகொண்டேன்.

அந்த வாழ்க்கையும் இப்போது காலியில் குறைந்து வருகிறது. கோட்டைக்குள் பல வீடுகள் கைமாறி ஓட்டல்களாகவும் நகைக்கடைகளாகவும் ஆகியிருக்கின்றன. இரண்டு தெருவுக்கு ஒரு பலசரக்குக் கடைகூட கண்ணில் படவில்லை. ஐஸ்கிரீம் கடை மட்டும் எண்ணி மாளவில்லை. குடியிருக்கிறவர்கள் எல்லோரும் போய்விட்டால் கோட்டையும் ஒரு பெரிய கொம்பு மீனவர் ஆகிவிடும். தூண்டில் இருக்கும், இரை இருக்காது.

எங்க பக்கத்துக் குப்பங்களில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் நல்ல மீன் விழுகிற இடங்களை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. சீட்டுப் போட்டு, இன்றைக்கு இவர் முறை, நாளைக்கு அவர் முறை என்று சுழற்சியில் வலை கட்டுவார்கள். கோட்டையைவிட, கல்லறையைவிட எங்க ஊரின் உண்மையான பழைய சொத்து அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு யுனெஸ்கோ போர்டு கிடையாது. முகத்துவாரம் மணலால் அடைத்துக்கொண்டால், ஏரித் தண்ணீர் கெட்டுப்போனால், பாடும் போய்விடும். அப்புறம் படகு சவாரிக்கு ஆள் கூப்பிடுகிற வேலைதான் மிச்சம் இருக்கும். சுற்றுலா வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? அது மீன்பிடித் தொழிலுக்குப் பக்கத்தில் வரட்டும், அதன் தலைமேல் ஏறி வர வேண்டாம்.

ஊருக்குத் திரும்பும் முன் கொழும்பு அருங்காட்சியகத்தில் ஒரு கல்லைப் பார்த்தேன். சீனத் தளபதி செங் ஹெ கொண்டுவந்து நிறுத்தியது. 1911ல் காலியில் கண்டெடுத்தார்கள். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் காணிக்கைப் பட்டியல். சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தென்னாவரம் பெருமாளுக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு. தங்கம், வெள்ளி, பட்டு என்று சரக்குப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றேதான், விலாசம்தான் மூன்று. :-) 600 வருஷத்துக்கு முன்னால் இந்தக் கடலில் வியாபாரம் செய்ய வந்தவன் தமிழிலும் எழுதிக்கொண்டு வர வேண்டியிருந்தது என்பதைப் பார்த்துவிட்டு வந்தது மனசுக்கு இதமாக இருந்தது.

அப்பாவிடம் சாரத்தைக் கொடுத்துக் கதையெல்லாம் சொன்னேன். பலயகட் கதையைக் கேட்டுச் சிரித்தார். கொம்பு மீனவர் படத்தைக் காட்டியபோது கொஞ்ச நேரம் போனை உற்றுப் பார்த்தார். "இவனுங்களுக்கு அன்னிக்கு மீன் மாட்டிச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பாவம்" என்றார்.

காலிக்குப் போக வசதியில்லாதவர்கள் ஒரு சனிக்கிழமை பொன்னேரியிலிருந்து பழவேற்காடு பஸ் ஏறுங்கள். படகுச் சவாரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் கொஞ்சம் நடங்கள். டச்சுக் கல்லறை, கருவேலங்காட்டுக்குள் அகழி, மகிமை மாதா கோயில், ஆதிநாராயணப் பெருமாள் கோயிலின் பொடிப்பொடிச் சிற்பங்கள், பள்ளிவாசலில் நிழல் கடிகாரம், பனை ஓலைக் கூடை பின்னுகிற பெண்கள் என்று ஒரு நாள் போதாது. காலையில் சீக்கிரம் வந்தால் ஏலம் நடக்கும்போது மீன் இறங்குதுறையில் நிற்கலாம். இறாலோ நண்டோ வாங்குங்கள். அங்கே தாராளமாகப் பேரம் பேசலாம், எங்க ஆட்களும் விடமாட்டார்கள்!